பதினேழாம் தேதி கேட்காரர்

வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. ஐம்பது வயதாகிவிட்டது, முன்நெற்றியில் நரை படர்ந்துவிட்டது, இன்னும் பாப்பாதான். பத்திரிகை அலுவலகத்திலோ வாசல் காவலாளி முதல் ஆசிரியர் வரை எல்லோருக்கும் அவள் தேதியக்கா. இருபத்திரண்டு வருடமாகப் பழகிப்போனதில் யாராவது உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நொடி யாரையோ என்று பார்ப்பாள்.

தினசரியின் நான்காம் பக்கத்தில், இடது கை மூலையில், ‘இதே நாளில்’ என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஐந்து வரி. நான்கு வரி உலகத்துக்கு, கடைசி வரி ஊருக்கு. உலகத்தின் நான்கு வரிகளை எவர் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எந்த ராஜா எப்போது முடிசூடினான், எந்த எரிமலை எப்போது வெடித்தது என்று சொல்லப் புத்தகங்கள் இருக்கின்றன. ஊரின் ஒரு வரிதான் அவளுடைய சொந்த உழைப்பு. பழைய பத்திரிகைத் தொகுப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, தூசிக்குத் தும்மித் தும்மி, முன்னூற்று அறுபத்தாறு உறைகளில் அட்டை அட்டையாக எழுதிச் சேர்த்தது. பிப்ரவரி இருபத்தொன்பதுக்கும் தனி உறை உண்டு. நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் அதைத் திறப்பாள், திறக்கும்போது பாவமாகத்தான் இருக்கும்.

தேதிகளிலும் பணக்காரத் தேதி, ஏழைத் தேதி இருக்கிறது. சில உறைகள் கொழுத்துப்போய் மூட மறுக்கும். தீ விபத்தும் திறப்பு விழாவும் ஒரே நாளில் அடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். சில உறைகளில் ஊருக்குள் கரடி வந்ததைத் தவிர வேறு எதுவுமே நடந்திருக்காது. அப்படிப்பட்ட நாளில் தேதியக்கா வருடா வருடம் கரடியையே போடுவாள். இல்லாததை எழுதி நிரப்ப மாட்டாள். வாசகர்களின் குணமும் அவளுக்கு அத்துப்படி. ஒரு தேதி தப்பினால் பத்துப் பேர் போன் செய்து வறுத்தெடுப்பார்கள். வருடம் முழுக்கச் சரியாக இருந்தால் ஒரு ஈ காக்கை கூப்பிடாது. அவள் தொலைபேசி பல வருடங்களாக அமைதியாகக் கிடந்தது. அதில் அவளுக்கு ஒரு கர்வமும் இருந்தது, அதை மறைத்துக்கொள்ளவும் தெரியாது.

டிசம்பர் பதினேழு நடுத்தரத் தேதி. உலகத்தின் முதல் வரி எப்போதும் விமானம்தான். இயந்திரம் பூட்டிய விமானம் ஒன்று மனிதனைச் சுமந்துகொண்டு பன்னிரண்டு நொடி பறந்த நாள். ஊர் வரி இப்படி இருக்கும்: ‘ஆற்றுப் பாலத்தருகே வெள்ளம் மண்ணை அரித்திருப்பதைக் கண்ட ரயில்வே கேட்காரர் ஒருவர் சிவப்புக் கொடியுடன் ஓடிச் சென்று பயணிகள் ரயிலை நிறுத்தினார். எவருக்கும் காயமில்லை.’ நாற்பத்தெட்டு வருடத்துக்கு முந்திய சங்கதி. சமயத்தில் பிரேக் போட்டதற்காக என்ஜின் ஓட்டுநருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். மழையில் ஓடிய கேட்காரரின் பெயரை ஒருவரும் கேட்டு எழுதவில்லை. உலகம் அப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டுதான் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் ஸ்டேஷன் மாஸ்டர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். மெலிந்த மனிதர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

“மேடம், உங்க பெட்டியைப் படிக்காம நான் டீ குடிக்க மாட்டேன்” என்று ஆரம்பித்தார். மேம்பாலம் வந்துவிட்டதால் ஆற்றங்கரை கேட்டை வருடக் கடைசியில் நிரந்தரமாக மூடப்போகிறார்களாம். மூடுவதற்கு முன்னால் அந்தக் கேட்காரரின் பெயரைச் செதுக்கி அங்கே ஒரு கல் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மேலதிகாரிகளும் தலையாட்டிவிட்டார்கள். “பேரு யாருக்கும் தெரியலை. சரி, ஆபீஸ் குடோனைத்தான் காலி பண்றோமே, பழைய டியூட்டி ரிஜிஸ்டர் கிடைக்குதான்னு தேடினேன். கிடைச்சிருச்சு. டிசம்பர் பதினேழு, காலை ஷிப்ட், ஆற்றங்கரை கேட். இந்தாங்க, நகல்.”

தேதியக்கா நகலை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்ன மேடம்?”

“இது எங்கப்பா பேரு.”

அவளுடைய அப்பா கேட்காரராக இருந்தவர்தான். ஆனால் இந்த ஊரில் ஆறு கேட், மூன்று ஷிப்ட், பதினெட்டுக் கேட்காரர்கள். அந்த வரியை அட்டையில் எழுதியபோது அப்பா காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. பதினெட்டில் ஒருவர் அவராக இருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று கேட்டால், அப்பாவை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.

அப்பா நல்லவர். அதில் சந்தேகமில்லை. ஆனால் நேரம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பது, ரயில் வரும் நேரத்தைத் தவிர, அவர் கவனத்துக்கு வந்ததே கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்தால் பெஞ்சைத் தூக்கினால்தான் எழுந்திருப்பார். வாய் ஓயாது. அவர் பேச்சுக்கு ஆள் கிடைக்காவிட்டால் டீக்கடை பாய்லரிடமே பேசுவார் என்று அம்மா சொல்வாள்.

அண்ணனுக்கும் அவருக்கும் அதனால்தான் முறிந்தது. அண்ணன் பதினெட்டு வயதில் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் வாங்கியிருந்தான். அந்தத் தெருவிலேயே அப்படி ஒரு இடம் வாங்கிய முதல் பையன். சேர்வதற்குக் கடைசி நாள், பகல் பன்னிரண்டு மணிக்குள் தகப்பனார் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வரேன் என்று சொன்னவர் நான்கு மணிக்கு வந்தார். வழியில் யாரோ பழைய சிநேகிதர், ஒரு டீ, ஒரு பேச்சு. இடம் அடுத்த பையனுக்குப் போய்விட்டது. அண்ணன் அன்றைக்கு வீடு வந்தவன் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினான். பதினோரு வருடம், அவர் கண் மூடும் வரை பேசவில்லை. சாவுக்கு வந்தான், முன்னால் நின்று எல்லாம் செய்தான், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இப்போது டவுன் பஸ் ஓட்டுகிறான். முப்பத்தாறு வருடமாக அவன் வாயில் அப்பா என்ற சொல் வந்ததில்லை. ‘அந்தாளு’ என்பான். அதுவும் தவிர்க்க முடியாவிட்டால்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் கொடுத்த நகலோடு அன்று மாலை அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்று வாங்கிப் படித்தான். அண்ணியிடம் கொடுத்தான். திரும்ப வாங்கிப் படித்தான். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவைப் பார்க்க வந்தான். அம்மா தேதியக்காவோடுதான் இருக்கிறாள். வந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

“அம்மா, அப்பா ஆற்றங்கரை கேட்ல எத்தனை வருஷம் இருந்தாரு?”

சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த தேதியக்காவின் கை நின்றுவிட்டது. 

“ஒரு வருஷம் இருந்தாருப்பா. நீ ஒண்ணாவது சேர்ந்த வருஷம்.”

“இவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்டு வாயே திறக்காம இருந்திருக்காரு. நாம அவரை என்னென்னவோ நினைச்சோம். இல்லம்மா?”

“ம்” என்றாள் அம்மா.

அதிலிருந்து அவன் வாராவாரம் வந்தான். அப்பா எப்படி நடப்பார், எந்தப் பக்கம் சரிந்து தூங்குவார், கொடியை எங்கே செருகி வைப்பார் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பஸ் டெப்போவில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. நடத்துநர்கள் ‘ரயிலை நிறுத்தினவர் மகன்’ என்று கேலி செய்தால்கூட மனிதனுக்கு முகம் மலர்ந்தது. “விமானம் பறந்த அதே நாளு பாப்பா. மேல விமானம், கீழ நம்மப்பா” என்று அவளிடமே சொன்னான், ஏதோ அவளுக்குத் தெரியாதது போல. கல் திறக்கும் அன்று இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டிருந்தார். பேச்சை ஒரு நோட்டில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தான்.

தேதியக்காவுக்கு ஒரு விஷயம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. வாயே திறக்காத அப்பாவை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் முப்பத்தாறு வருடம் கழித்து அண்ணன் அந்த நாற்காலியில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அதை யார் யோசிப்பார்கள். அவளும் விழுங்கிவிட்டாள்.

நவம்பர் கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்தார். கல்லோடு சேர்த்து அன்றைய பத்திரிகைப் பக்கத்தையும் சட்டம் போட்டு மாட்டலாம் என்று நினைக்கிறார், ஒரு நல்ல நகல் கிடைக்குமா?

தொகுப்பறை அலுவலகத்தின் பின்கட்டில் இருக்கிறது. தேதியக்கா அந்த வருட டிசம்பர் தொகுப்பை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தாள். ஒவ்வொரு நாளாகத் திருப்பிப் பதினேழுக்கு வந்தாள். மூன்றாம் பக்கம், கீழே. ‘இன்று காலை ஆறரை மணியளவில் ஆற்றுப் பாலத்தருகே...’ அதே செய்திதான். முழுப் பக்கமும் படம் எடுக்க வேண்டுமே என்று முதல் பக்கத்துக்குப் போனாள். பத்திரிகையின் பெயருக்குப் பக்கத்தில், பொட்டு வைத்தது போல, சின்னதாக ஒரு நட்சத்திரம் இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். நட்சத்திரம் போகவில்லை.

அந்த நட்சத்திரத்தின் அர்த்தம் பத்திரிகைக்காரர்களுக்குத்தான் தெரியும். வெளியூர்ப் பதிப்பு. அந்தக் காலத்தில் இது மாலைப் பத்திரிகை, உள்ளூர்ப் பிரதியில் அன்றைய தேதியே இருக்கும். வெளியூருக்குப் போவதை மட்டும் முதல் நாள் சாயங்காலமே அடித்து, மறுநாள் தேதியைப் போட்டு, மாலை ரயிலில் ஏற்றிவிடுவார்கள். விடிந்து வெளியூர்க்காரர் கையில் கிடைக்கும்போது தேதி சரியாக இருக்கும். ஆக, பதினேழாம் தேதி போட்ட வெளியூர்ப் பதிப்பு பதினாறாம் தேதி மாலையில் அச்சானது. அதில் ‘இன்று காலை’ என்று இருந்தால் அது பதினாறாம் தேதிக் காலை. இப்படித் தவறு வரக்கூடாது என்று உதவியாசிரியர் ‘இன்று’ என்பதை ‘நேற்று’ என்று மாற்றி அனுப்ப வேண்டும். அன்றைக்கு எந்தப் புண்ணியவானோ மறந்துவிட்டான்.

உள்ளூர்ப் பதிப்பு எங்கே போயிற்று என்று பார்த்தாள். அந்த மாதம் கூரை ஒழுகிப் பாதித் தாள்கள் வீணாகிவிட்டதால், எவரோ கிடைத்த வெளியூர்ப் பிரதிகளை இடையில் வைத்துத் தைத்திருந்தார்கள். இந்த நட்சத்திரத்தைக் கண்டால் ஒரு நாள் கழிக்க வேண்டும் என்பது தேதியக்காவுக்குத் தலைகீழாகப் பாடம். எத்தனையோ முறை கழித்திருக்கிறாள். ஆனால் இந்த அட்டையை எழுதியது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில். அப்போது நட்சத்திரத்தை அச்சுக்காரர் போட்ட அலங்காரம் என்று நினைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கே தப்பான நாளைச் சொல்லிவந்திருக்கிறாள். ரயில் நின்றது பதினாறாம் தேதி.

தொகுப்பை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தன் கர்வம் போனதுகூட அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அந்த நாற்காலிதான் கண்ணில் வந்து நின்றது. அண்ணன் அதை இழுத்துப் போட்டு உட்காரும் விதம். இந்த நட்சத்திரத்தை இப்போது உலகத்தில் அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். முதல் பக்கத்தை விட்டுவிட்டு மூன்றாம் பக்கத்தின் படத்தை மட்டும் கொடுத்துவிட்டால் முடிந்தது. யார் கேட்கப்போகிறார்கள்?

பதினாறாம் தேதியும் அப்பாவின் ஷிப்டாகவே இருந்திருக்கலாமே என்று ஒரு நப்பாசை. அதைப் பிடித்துக்கொண்டு மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனாள். அச்சில் ஒரு சந்தேகம், ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னாள். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிக்னல் பார்க்கப் போய்விட்டார்.

பதினாறு, காலை ஷிப்ட். வேறொருவர் பெயர். குறிப்புக் கட்டத்தில் பொடி எழுத்தில் இரண்டு வரி: ‘பாலம் அருகே மண் சரிவு. வண்டி நிறுத்தப்பட்டது.’ தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பதினேழு, காலை ஷிப்ட். அப்பாவின் பெயர். நகலில் வராமல் விட்டுப்போன குறிப்புக் கட்டத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் படிக்க மெனக்கெடாத அவருடைய கோழிக்கிறுக்கலில்: ‘தண்டவாள வேலை. இன்று வண்டி கிடையாது. கேட் திறந்திருக்கிறது.’ ஊருக்கெல்லாம் ரயிலை நிறுத்தினார் என்று சொன்ன நாளில், ரயிலே வராத ஒரு கேட்டில், அப்பா எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். தேதியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது கண் நிறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். உரிப்பது நிற்கவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள் கடைசியில்.

“என்னம்மா தெரியும்?”

“அந்த மனுஷன் இல்லைன்னு தெரியும். ஒரு தடவை கேட்ல கோழி ஒண்ணு குறுக்கே ஓடிச்சு. அதைத் துரத்தின கதையை மூணு நாள் சொன்னாரு. அவரு ரயிலை நிறுத்தியிருந்தா நாம இந்நேரம் காது செவிடாகி உக்காந்திருப்போம்.”

“ரெண்டு மாசமா தெரிஞ்சும் ஏன்மா சொல்லலை?”

“உங்கண்ணன் இந்த வீட்டுல வந்து உக்காந்து அப்பான்னு சொல்றான். அதைக் கேக்கறதுக்கு நான் முப்பத்தாறு வருஷம் காத்திருந்தேன். தேதி சரியா தப்பான்னு பாக்கறது உன் வேலை. என் வேலை இல்லை.” அம்மா தோலையெல்லாம் ஒன்றாகக் கூட்டி ஒதுக்கினாள். “சொல்லப்போறியா?”

“சொல்லணும்மா. அந்த இன்னொருத்தருக்கும் வீடு வாசல் இருக்கும்ல. கல்லுல அவர் பேருதான் வரணும்.”

“வரணும்தான்” என்றாள் அம்மா. தோலைக் கொட்டிவிட்டு வந்து, “அவன் சாப்பிட்ட பிறகு சொல்லு. வெறும் வயித்துல சொல்லாதே” என்றாள்.

மறுநாள் மதியம் தேதியக்கா டெப்போவுக்குப் போனாள். அண்ணன் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தான். வண்டி காலியாக இருந்தது. முதல் இருக்கையில் உட்கார்ந்தாள்.

“பேச்சு முடிச்சுட்டேன் பாப்பா. படிச்சுக் காட்டவா?”

“அண்ணா, அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். தப்பு என்னோடது. முழுசா கேட்டுட்டு அப்புறம் திட்டு.”

நட்சத்திரத்தைச் சொன்னாள். வெளியூர்ப் பதிப்பைச் சொன்னாள். பதினாறைச் சொன்னாள், பதினேழைச் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டான். நடுவில் ஒரே ஒரு கேள்வி.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“சரி” என்றான். பிறகு மணியைப் பார்த்தான். “இறங்கு பாப்பா. வண்டி எடுக்கணும்.”

அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும் வரை அங்கேயே நின்றுவிட்டு அலுவலகத்துக்கு வந்தாள்.

ஆசிரியர் அவளைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனிதர். “அக்கா, எதுக்குத் திருத்தம் அது இதுன்னு. அடுத்த வருஷத்துல இருந்து பேசாம பதினாறுல போட்டுருங்க. எவன் கண்டுபிடிக்கப்போறான்?” என்றார்.

“நான் கண்டுபிடிச்சுட்டேனே” என்றாள் தேதியக்கா.

திருத்தம் வந்தது. நான்காம் பக்கத்தில், அவள் பெட்டிக்குக் கீழேயே, மூன்று வரி. அன்று பதினான்கு போன் வந்தது. எல்லாவற்றையும் அவளே எடுத்துப் பேசினாள். விஷயம் கேட்டதும் ஸ்டேஷன் மாஸ்டர் கல் செதுக்குகிறவரிடம் ஓடினார். நல்லவேளை, தேதியும் பெயரும் இன்னும் செதுக்கியிருக்கவில்லை. விழாவையும் ஒரு நாள் முன்னால் தள்ளினார். அந்த இன்னொரு கேட்காரரின் குடும்பத்தைத் தேடி வேறு ஊரில் ஒரு மகளைக் கண்டுபிடித்தார்.

அண்ணன் வரவில்லை. ஒரு ஞாயிறு போயிற்று. இரண்டாவது ஞாயிறும் போயிற்று. அம்மா அந்த நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. தேதியக்கா போன் செய்தால் அண்ணிதான் எடுத்தாள். “இருக்காரு. சாப்பிடறாரு. வேலைக்குப் போறாரு. பேச்சுதான் இல்லை” என்றாள். உண்மையைச் சொன்னதற்காகத் தேதியக்கா வருத்தப்படவில்லை. ஆனால் அம்மாவின் இரண்டு மாதத்தைப் பிடுங்கிவிட்டோம் என்று ஒவ்வொரு நாளும் வருத்தப்பட்டாள்.

டிசம்பர் பதினாறு வந்தது. உலகத்தின் முதல் வரியில், அரசு போட்ட வரியை எதிர்த்தவர்கள் கப்பலேறி தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். கடைசி வரியில் கேட்காரர், முதன்முறையாகப் பெயரோடு.

கேட்டருகே முப்பது பேர் கூடியிருந்தார்கள். வந்திருந்த மகள் ஓய்வுபெற்ற நர்ஸ். கல்லின் மேல் இருந்த துணியை எடுத்துவிட்டுச் செதுக்கிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். “எங்கப்பா வீட்டுல பேசவே மாட்டாரு. நாள் பூரா சேர்த்தா பத்து வார்த்தை வராது. இது எங்க யாருக்கும் தெரியாது. கண்டுபிடிச்சுச் சொன்னவங்களுக்கு நன்றி” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அவளும் அப்பாவைப் போலத்தான் போலிருக்கிறது.

கைதட்டும்போது திரும்பிப் பார்த்த தேதியக்கா, கடைசியில், வேப்பமரத்தடியில், காக்கிச் சட்டையோடு அண்ணன் நிற்பதைக் கண்டாள். அவனும் தட்டிக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்தது. இருவரும் தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பாதி தூரம் போனதும் அவள் கேட்டாள்.

“கோவமா இருக்கியாண்ணா?”

“உன் மேலயா? இல்லை.” இன்னும் கொஞ்ச தூரம் நடந்தான். “அவர் மேலதான் பழையபடி கோவம் வரணும். நியாயமா பாத்தா வரணும்ல? ரயிலை நிறுத்தினாருன்னுதானே விட்டுக்கொடுத்தேன். இப்ப அது இல்லைன்னு ஆயிருச்சு. ரெண்டு வாரமா தேடிப் பாக்கறேன். வர மாட்டேங்குது.”

தேதியக்கா அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ரெண்டு மாசமா அவர் கொடியைத் தூக்கிட்டு ஓடறதை மனசுல ஓட்டிப் பாத்துட்டே இருந்தேன் பாப்பா. பஸ் ஓட்டும்போதும் அதே நினைப்புதான். வேகமா ஓடறாரு, செருப்பு கழண்டு போச்சு, சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டியிருக்கு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கறாரு. எப்படி இவ்வளவு தெளிவா தெரியுதுன்னு எனக்கே ஆச்சரியம். நீ வந்து சொல்லிட்டுப் போன அன்னிக்கு, மூணாவது டிரிப்ல, அது எங்கே பாத்ததுன்னு ஞாபகம் வந்தது.” அவன் நின்றுவிட்டான். “காலேஜ் வாசல்ல. நாலு மணிக்கு. அப்பா ஓடித்தான் வந்தாரு. பஸ் ஸ்டாப்புல இருந்து அந்த மேடு முழுக்க, ஒத்தைச் செருப்போட. நான் பாத்தேன். பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவர் ஓடி வந்ததை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை.”

பஸ் வந்து நின்றது. நடத்துநர் அண்ணனைப் பார்த்துக் கை உயர்த்தினான். அண்ணன் ஏறவில்லை, போகும்படி சைகை காட்டினான்.

“வா, வீட்டுக்கு நடந்தே போயிரலாம்” என்றான். “அம்மாகிட்ட இதைச் சொல்லணும்.”